அக்காவிடம் கேளுங்கள்: கடலோர விடுதிக்குப் போனால் எங்கே சாப்பிடுவது?

விடுமுறை நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதி கடற்கரைப் பயணம் பற்றியவை. அறை, நீச்சல், படகு சவாரி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். கடலோர விடுதிகளின் சமையலறைக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். எந்த ஊர், எந்தக் கடை என்று பெயர் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், பெயர் சொல்ல மாட்டேன். செஃப் மாறினால் கடையே மாறிவிடும். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். எப்படித் தேடுவது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

கே: அக்கா, ஒரு கடற்கரை விடுதியில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். போன தடவை இப்படிப் போனபோது மணலை ஒட்டி வரிசையாகப் பத்துப் பதினைந்து ஹோட்டல்கள். எல்லாம் ஒரே மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் நுழைந்தோம், வயிறும் நிறையவில்லை, மனசும் நிறையவில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ப: ஒரே மாதிரி தெரிந்தது உங்கள் கண் கோளாறு இல்லை தங்கச்சி. அவை ஒரே மாதிரிதான்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஹரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929இல் எழுதியது. நீளமான ஒரு தெருவில் இரண்டே வியாபாரிகள், விற்பது ஒரே பண்டம். ஆளுக்குப் பாதித் தெருவைப் பங்கு போட்டு, அவரவர் பாதியின் நடுவில் நின்றால் வாங்க வருகிறவர்களுக்கு நடை மிச்சம். ஆனால் ஒருத்தர் நடுத்தெருவைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்தால் அடுத்தவருடைய ஆட்களில் சிலர் இவர் பக்கம் வந்துவிடுவார்கள். அவர் சும்மா இருப்பாரா? அவரும் நகர்வார். கடைசியில் இருவரும் நட்டநடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். இப்போது வகுப்பறைகளில் இதையே கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்கும் இரண்டு வண்டிக்காரர்கள் கதையாகச் சொல்கிறார்கள். இடத்துக்கு மட்டுமல்ல, பண்டத்தின் ருசிக்கும் இது பொருந்தும் என்று ஹோட்டலிங்கே எழுதியிருக்கிறார். கடலோர மெனுக்களைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றுதான் படும். யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடாது என்று காரத்தைக் குறைத்து, புளிப்பைக் குறைத்து, முள்ளை எடுத்து, எல்லோரும் நடுவில் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய காரணம் வேறு. ஊருக்குள் இருக்கிற கடைக்காரர் உங்களுக்கு இன்று மோசமாகப் போட்டால் நாளைக்கு நீங்கள் வரமாட்டீர்கள். அந்தப் பயம் அவரை ஒழுங்காக வைத்திருக்கிறது. மணலை ஒட்டிய கடைக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. நன்றாகப் போட்டாலும் நீங்கள் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவீர்கள், மோசமாகப் போட்டாலும் போய்விடுவீர்கள். அடுத்த பேருந்தில் வேறு ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவருடைய பெரிய செலவு இடத்து வாடகை. மீன் அதற்கு அப்புறம்தான். ஆகவே எந்தக் கடைக்குள் நுழையும் முன்னும் மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடை, ஒரே ஆளை மறுபடி மறுபடி பார்த்துப் பிழைக்கிற கடையா?

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விடுதி ஊர் என்றால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அறை துடைக்கிறவர்கள், ஓட்டுநர்கள், நீச்சல் சொல்லிக் கொடுப்பவர்கள், படகுக்காரர்கள். அவர்களும் எங்கேயோ சாப்பிடத்தானே வேண்டும்? மதிய நெரிசல் முடிந்த பிறகு சீருடையோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிற கடையைக் கவனியுங்கள். அநேகமாக அது இரண்டு தெரு உள்ளே தள்ளி, கடல் தெரியாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியோடு இருக்கும்.

விசாரிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று வரவேற்பு மேசையில் கேட்டால், உங்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதைச் சொல்வார்கள். சில இடங்களில் எது கமிஷன் தருகிறதோ அதைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக உங்கள் அறையைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம், "நீங்க லீவு நாள்ல வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அப்போது வருகிற பெயர் வேறாக இருக்கும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் யோசிக்காமல் போய்விடலாம். கூடவே, "சீசன் இல்லாத மாதத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?" என்றும் கேட்டு வையுங்கள். கூட்டமே இல்லாத காலத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிற கடை உள்ளூர்க்காரர்களை நம்பித்தான் திறந்து வைத்திருக்கிறது.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டு கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டால் நடையைக் கட்டுங்கள். மெனுவில் படம் போட்டிருப்பதையும் நாலு மொழியில் எழுதியிருப்பதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், வெளியூர்க்காரர்கள் வருகிற இடத்தில் அது மரியாதைதான். நூறு வகைப் பதார்த்தம் இருக்கிறதே, அதுதான் சங்கடம். ஒரு சின்ன சமையலறையில் நூறு வகைக்கும் புதுச் சரக்கு வைத்திருக்க யாராலும் முடியாது. பாதி ஃப்ரீசரில் இருக்கும், மீதி ஒரே குழம்பு, பெயர் மட்டும் வேறு. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற மெனு, அதிலும் இரண்டு மூன்று கோடு போட்டு அடித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். இன்று கிடைக்கவில்லை, அதனால் இல்லை என்று அர்த்தம்.

உங்களுக்கு ஐந்து நாள் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நல்ல கடையைக் கடைசி ராத்திரிக்கு எடுத்து வைப்பார்கள். நீங்கள் முதல் நாளே போங்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் நாலு நாள் இங்கேதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாவது தடவை போகும்போது உங்கள் தட்டு வேறு மாதிரி வரும். மறுபடி வருகிற ஆளாக நீங்களே மாறிவிடுகிறீர்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

கடல் தெரிகிற மேசையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே போய் ஒரு காப்பி, ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு சூரியன் இறங்கும் வரை உட்கார்ந்திருங்கள். காட்சிக்கான காசு அதில் அடங்கிவிடும். சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கே: என் மகன் எங்கே போனாலும் போனில் நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நுழைகிறான். நாலரைக்குக் குறைந்தால் வரமாட்டேன் என்கிறான். நம்பலாமா அம்மா?

ப: லண்டனில் 2017இல் நடந்த ஒரு கூத்தை அவனுக்குச் சொல்லுங்கள். ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் பதிவு செய்தார். அங்கே அடுப்பும் கிடையாது, மேசையும் கிடையாது. நண்பர்களை விட்டு விமர்சனம் எழுத வைத்தார். முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்று அறிவித்து, கேட்டவர்களுக்கெல்லாம் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை அந்தத் தளத்தில் லண்டன் நகரத்தின் முதலிட உணவகம் ஆகிவிட்டது.

அதற்காக எல்லாமே பொய் என்று தூக்கிப் போடவும் வேண்டாம். கடலோரக் கடைகளின் விமர்சனங்களை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு தடவை சாப்பிட்டவர்கள், அதுவும் விடுமுறை மயக்கத்தில். "சூரிய அஸ்தமனம் அருமை", "ஊழியர்கள் அன்பானவர்கள்", "குழந்தைகள் மணலில் விளையாடினார்கள்" என்று போகும். சாப்பிட்டது என்ன என்று ஒரு வரி இருக்காது. அப்படிப்பட்ட ஐந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள், அவர்கள்தான் தட்டைப் பார்த்து எழுதுவார்கள். தேதியையும் பாருங்கள். "மூன்றாவது வருஷமாக வருகிறோம்" என்று யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்கு மற்ற ஐம்பது வரியைக் கொடுத்துவிடலாம்.

நட்சத்திரத்தின் பிறப்பே வேடிக்கைதான். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷ்லான் என்ற பயணக் கையேட்டை 1900இல் வெளியிட்டது ஒரு டயர் கம்பெனி. வண்டிக்காரர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் நிறையத் தேயும் என்பது கணக்கு. உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தது 1926இல். இருந்தாலும் அவர்களுடைய ஆய்வாளர்கள் பெயர் சொல்லாமல் போய், காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள். உங்கள் மகனுடைய போனில் இருப்பது அந்த நட்சத்திரம் இல்லை.

கே: கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் போட்டு மீனை அடுக்கி வைத்து, "நீங்களே எடுங்கள்" என்கிறார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

ப: தலையும் வாலும் இருக்கிற மீனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துண்டு போட்டு வைத்ததில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கண் வெளியே புடைத்து, தெளிவாக இருக்க வேண்டும். குழிந்து பால் படிந்த மாதிரி இருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். மூக்கைக் கிட்டே கொண்டு போங்கள். நல்ல கடல் மீனில் கடல் தண்ணீர் வாசம்தான் வரும். நாம் "மீன் நாற்றம்" என்று சொல்கிறோமே, அது மீன் செத்த பிறகு பாக்டீரியா உண்டாக்குகிற டிரைமெத்திலமீன் என்ற பொருளின் வாடை. அது தூக்கலாக இருந்தால் மீன் பழசு.

செவுளைத் தூக்கிக் காட்ட முகம் சுளிக்கிற கடையில் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம்.

ஐஸையும் பாருங்கள். மீன் ஐஸின் மேலே படுத்திருந்தால் அது அலங்காரம். மேலும் கீழும் ஐஸ் போட்டு மூடியிருந்தால்தான் பராமரிப்பு. பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு போட்டு வைத்திருப்பார்கள், அதன் வெளிச்சத்தில் எல்லா மீனும் அழகிதான்.

"உறைய வைத்த மீனா?" என்று கேட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. படகிலேயே உடனே உறைய வைத்தது, மூன்று நாள் ஐஸில் கிடந்த "புது" மீனைவிட எவ்வளவோ மேல். பச்சையாகச் சாப்பிடுகிற மீன் என்றால் உறைய வைத்ததே பாதுகாப்பு. அனிசாக்கிஸ் போன்ற புழுக்கள் சாக வேண்டுமானால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் புழு செத்துவிடாது.

கே: மெனுவில் ஒரு மீன் பெயர், தட்டில் வேறு மீன். சண்டை போட்டேன், "அதுதான் இது" என்று சாதித்துவிட்டார்கள். இப்படியும் செய்வார்களா?

ப: தாராளமாக. ஓஷியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் 1,215 மீன் மாதிரிகளை வாங்கி மரபணுச் சோதனை செய்தது. மூன்றில் ஒரு பங்கு, பெயர் ஒன்று மீன் ஒன்று. சிவப்புச் சங்கரா என்று விற்ற 120 மாதிரிகளில் உண்மையான சிவப்புச் சங்கரா ஏழே ஏழு. "வெள்ளைச் சூரை" என்று விற்றதில் பெரும்பாலானவை எஸ்கோலார் என்ற மீன். அதன் கொழுப்பு நமக்குச் செரிக்காது, சிலருக்கு வயிறு எண்ணெய் எண்ணெயாகப் போய்விடும். ஜப்பானில் அதை விற்கவே தடை.

கடைக்காரரே ஏமாற்றுகிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது. அவருக்கே வேறு பெயர் சொல்லி விற்றிருப்பார்கள். தோலும் தலையும் போன பிறகு வெள்ளைச் சதை எல்லாம் அண்ணன் தம்பிதான். முழு மீனாக வாங்கி உங்கள் கண்ணெதிரே அடுப்புக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் பெயரையும் நம்பாதீர்கள்.

கே: சூரை மீன் வறுவல் சாப்பிட்ட அரை மணியில் கணவருக்கு முகம் கழுத்தெல்லாம் சிவந்து, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. மீன் ஒவ்வாமை என்று நினைத்து இனி மீனே வேண்டாம் என்கிறார். இதற்கு முன் வந்ததில்லை. மீன் நாறவும் இல்லை அக்கா.

ப: நான் மருத்துவர் இல்லை, அவரை ஒரு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். காட்டும்போது "ஹிஸ்டமைன் நச்சாக இருக்குமா?" என்று கேளுங்கள். சமையலறையில் எங்களுக்கு மிகப் பெரிய பயம் அதுதான்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையிலேயே அதிகம். பிடித்த மீனை வெயிலில் போட்டு வைத்தாலோ, ஐஸ் தீர்ந்துபோனாலோ பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானே சுரக்கிற பொருளும் ஹிஸ்டமைன்தான். அதனால்தான் அறிகுறிகள் அச்சு அசலாக ஒவ்வாமை மாதிரியே இருக்கின்றன. ஒருமுறை உண்டாகிவிட்டால் வறுத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, மறுபடி ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், வாடையும் இருக்காது. சிலருக்கு வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். அப்படி இருந்தால் மரியாதை பார்க்காமல் துப்பிவிட வேண்டும்.

அன்று ஒரே மேசையில் அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று நினைத்துப் பாருங்கள். ஆகியிருந்தால் சந்தேகம் அவர் உடம்பைவிட்டு மீன் பக்கம் போகும். மூச்சுத் திணறினால், உதடு நாக்கு வீங்கினால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை, உடனே மருத்துவமனை.

கடை பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை மீன்களை, விற்பனை வேகமாக நடக்கிற கடையில் மட்டும் சாப்பிடுங்கள். மதியம் வந்தது இரவுக்குள் தீர்ந்துபோகிற கடை. நண்பகல் வெயிலில் மேசைமேல் சூரையை வெட்டி அடுக்கிக் காட்சிக்கு வைத்திருக்கிற கடை பார்க்க அழகாக இருக்கும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கே: பவளப்பாறை உள்ள தீவுக்குப் போகிறோம். பெரிய சீலா மீன் சுட்டுத் தருவார்களாம். ஆசையாக இருக்கிறது. ஏதாவது எச்சரிக்கை?

ப: "பெரிய" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எச்சரிக்கை. வெப்பக் கடல்களின் பவளப்பாறைப் பக்கம் கம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி வளர்கிறது. அதைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். பெரிய சீலா, பெரிய களவா, அஞ்சாலை போன்ற வேட்டை மீன்களில் அது அதிகம். இந்த நஞ்சுக்குச் சிகுவாட்டெரா என்று பெயர். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது, எந்தச் சமையலுக்கும் அடங்காது. வயிற்றுப்போக்கோடு முடியாமல் உதடும் விரலும் மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும்.

புதுசு ஒன்றும் இல்லை. 1774இல் இன்றைய வனுவாட்டுத் தீவுகள் பக்கம் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஒரு சிவப்பு மீனைச் சாப்பிட்ட அதிகாரிகள் படுத்துவிட்டார்கள். மிச்சத்தைத் தின்ற நாய், பன்றிகள்கூடத் தப்பவில்லை. அது இந்த நஞ்சாகவே இருந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கருதுகிறார்கள்.

பாறைப் பக்கத்து மீன் என்றால் தட்டுக்குள் முழுசாக அடங்குகிற சின்ன மீனாகக் கேளுங்கள். தலை, ஈரல், குடல், முட்டை வேண்டாம், நஞ்சு அங்கேதான் அதிகம் சேரும். எந்தப் பாறையின் மீனை வீட்டில் சமைக்க மாட்டோம் என்பது தீவுக்காரர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். பெரிய மீன்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் நடுக்கடலில் பிடிக்கிற வகையைக் கேளுங்கள்.

கே: பச்சைச் சிப்பி சாப்பிடலாமா? நண்பர்கள் சவால் விடுகிறார்கள்.

ப: சவாலுக்காகச் சாப்பிடுகிற பண்டம் இல்லை தம்பி அது. ஒரு வளர்ந்த சிப்பி ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். தண்ணீரில் என்ன இருந்ததோ அதெல்லாம் உள்ளே இருக்கும். தண்ணீர் சூடாக இருக்கிற மாதங்களில் விப்ரியோ பாக்டீரியா பெருகும். ஐரோப்பா, அமெரிக்காப் பக்கம் மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி தின்னாதே என்று பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னால் இது ஒரு காரணம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் அந்த மாதக் கணக்கு உதவாது. எந்தக் கடலில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று மூட்டையில் சீட்டு இருக்கும். அதைக் காட்டுகிற கடையில், குளிர்ந்த கடல் உள்ள ஊரில், உங்களுக்கு ஈரல் கோளாறோ சர்க்கரையோ இல்லையென்றால் யோசிக்கலாம். காரச் சாறும் மதுவும் கிருமியைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் ஈரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

கே: அறை வாடகையிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்துவிட்டோம். வெளியே சாப்பிட்டால் காசு வீண் என்கிறார் கணவர். பஃபே தினமும் ஒரே ருசி. என்ன செய்ய?

ப: கொடுத்த காசு கொடுத்ததுதான். இனி வீணாகப் போவது உங்கள் வயிறும் விடுமுறையும்.

இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கியவர் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர், 1950இல் கிளப் மெட் தொடங்கியவர். முதல் முகாம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், ராணுவக் கூடாரங்களில். பணம் கண்ணிலேயே படக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பிறகு பானம் வாங்கக்கூடக் காசுக்குப் பதில் மணிகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் செய்தார்கள். அவர்கள் செய்தது விருந்து. அதைப் பார்த்துப் பின்னால் வந்த பல விடுதிகளுக்கு இது வெறும் கணக்கு: ஒரு தலைக்கு இவ்வளவு செலவு, அதற்குமேல் போகக்கூடாது. நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர், நாளைக்கும் இங்கேதான் வந்தாக வேண்டும். மணல் ஓரக் கடைக்காரருக்கு நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று தெரியும். இவர்களுக்கு உங்களால் வேறெங்கும் போக முடியாது என்று தெரியும். ருசியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது.

காலைச் சாப்பாட்டை விடுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் ரொட்டியும் பழமும் எந்தச் சமையலறையும் கெடுக்க முடியாதவை. மதியமோ இரவோ ஒருவேளை வெளியே போங்கள்.

பஃபேயில் சாப்பிடும் நாளில் திறந்தவுடன் போய்விடுங்கள். சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த பண்டம் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும், சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் சுவரொட்டி போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கிற தட்டைத் தொடாதீர்கள், முக்கியமாகச் சோறு. சோற்றில் இருக்கிற பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் வேகும்போது சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பழைய தட்டில் மிச்சத்தின் மேலேயே புதுசைக் கொட்டுகிறார்களா, தட்டையே மாற்றுகிறார்களா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நேரடியாகச் சமைத்துத் தருகிற மேடை இருந்தால் வரிசை எவ்வளவு நீளமானாலும் அங்கேயே நில்லுங்கள்.

கே: சிங்கி இறாலுக்கு நேரே மெனுவில் விலை இல்லை. "அன்றைய விலை" என்று மட்டும் இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ப: பில் வரும்போது கூச்சம் போய்விடும், காசும் போய்விடும். உயிரோடு எடை போடுங்கள், உங்கள் கண் முன்னால், ஈரத்தை உதறிவிட்டு. எடைக்கு இவ்வளவா, உருப்படிக்கு இவ்வளவா, சமையல் கூலி தனியா என்று கேட்டு, மொத்தத் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஓட்டை எடுத்துவிட்டால் சாப்பிடக் கிடைப்பது எடையில் சிறு பங்குதான். சினை தாங்கிய பெட்டை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பல நாடுகளில் அதைப் பிடிப்பதே குற்றம்.

கே: மனைவிக்கு இறால், நண்டு ஆகாது. மீன் ஆகும். கடலோரக் கடையில் மீன் மட்டும் கேட்டு வாங்கினால் போதுமா?

ப: போதாது. எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருக்கும், இறாலும் அதில்தான் பொரியும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான டிரோபோமையோசின் சூட்டுக்குக் கெடாத புரதம். "இறால் போட வேண்டாம்" என்று சொல்வதைவிட, "இந்த மீனை எந்த எண்ணெயில் பொரிப்பீர்கள்? எந்தப் பலகையில் வெட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். சர்வருக்குப் பதில் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வர வேண்டும். போகாமலே "ஒண்ணும் ஆகாது" என்றால் எழுந்துவிடுங்கள். ஆவியில் வேகவைத்த மீன், தனிச் சட்டியில் சுட்ட மீன் சற்றுப் பாதுகாப்பு. குழம்பும் சூப்பும் வேண்டாம், அவற்றின் அடிச்சாறு அநேகமாக இறால் ஓட்டில் இறக்கியது.

கே: நாங்கள் சைவம். கடலோரத்தில் பட்டினிதானா?

ப: பொரித்த எதுவும் வேண்டாம், காரணம் மேலே சொன்ன அதே எண்ணெய்ச் சட்டி. வேலைக்காரர்கள் சாப்பிடுகிற உள்தெருக் கடைக்குப் போங்கள். தினமும் மீன் தின்ன அவர்களுக்கும் கட்டுப்படியாகாது. காய்கறி அங்கேதான் ஒழுங்காக வேகும்.

கே: இரவு எத்தனை மணிக்குப் போவது நல்லது மேடம்? போனால் ஒன்று இடமில்லை, இல்லாவிட்டால் மீன் தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

ப: மீன் தீர்ந்துவிட்டது என்று சொன்ன கடையின் பெயரைக் குறித்துக்கொண்டீர்களா? நாளைக்கு அஸ்தமனத்துக்கு முன்பே அங்கே போய் உட்காருங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மேசை காலியாக இருக்கும்.